அசிட்டசோலமைடு மாத்திரை: தலைவலிக்கு அல்ல, கண்ணுக்கு

பார்வைக்குச் சாதாரண மாத்திரைதான். 250 மில்லிகிராம் அளவில் கிடைக்கும். மெதுவாகக் கரையும் கேப்சூலாக 500 மில்லிகிராமிலும் வரும். 1950-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. கண் அழுத்த நோய்க்கும், உயரமான மலைகளில் ஏறுவோருக்கு வரும் தலைசுற்றல், வாந்திக்கும் இதைக் கொடுப்பார்கள். காரணம் பிடிபடாமல் மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறும் நோய்க்கும் முதலில் எழுதித் தரப்படுவது இதுதான். அந்த நோயை இடியோபதிக் இன்ட்ராகிரேனியல் ஹைப்பர்டென்ஷன் என்று நீட்டி முழக்குவார்கள், சுருக்கமாக ஐ.ஐ.எச்.

இந்த மருந்தைப் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டு: "விரலெல்லாம் மதமதவென்று இருக்கிறது", "இத்தனை மாத்திரை விழுங்கியும் தலைவலி போகவில்லை". முதல் புகார் உண்மை. இரண்டாவதும் உண்மைதான், ஆனால் அதற்கு மருந்தைக் குறை சொல்லக் கூடாது. பார்வை நரம்பைக் காப்பாற்றத் தரும் மருந்தைத் தலைவலி மாத்திரை என்று நினைத்து மதிப்பெண் போடுவதால் வரும் ஏமாற்றம் அது. எங்கள் தீர்ப்பு: நல்ல மருந்து, ஆனால் பாதி வைத்தியம். மீதிப் பாதி கண் பரிசோதனையிலும் உடல் எடையிலும் இருக்கிறது.

வேலை செய்யும் விதம் எளிது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி எந்நேரமும் சுமார் 150 மில்லி நீர் இருக்கிறது. ஆனால் ஒரு நாளில் ஊறுவது சுமார் 500 மில்லி. ஊறும் அளவுக்கு வடிந்துகொண்டே இருந்தால் தொல்லையில்லை. வடிவது மந்தமானால் அழுத்தம் ஏறும். நீரைச் சுரக்க உதவும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியை அசிட்டசோலமைடு தடுக்கிறது. வடிகால் மந்தமான தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயைக் கொஞ்சம் திருகி அடைப்பது போன்ற வேலை. நீர்மட்டம் இறங்கும். வடிகால் என்னவோ அப்படியேதான் இருக்கும்.

மாத்திரையை வாங்குவதற்கு முன், இது உங்களுக்கான மருந்துதானா என்பது உறுதியாக வேண்டும். சறுக்கல்கள் அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான்.

ஐ.ஐ.எச். பெரும்பாலும் 20 முதல் 45 வயதுக்குள் உள்ள, எடை கூடுதலான, அதிலும் அண்மையில் எடை ஏறிய பெண்களுக்கு வருகிறது. ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் வராது என்றில்லை. ஆனால் ஒல்லியானவருக்கோ ஆணுக்கோ வந்தால் வேறு காரணத்தை இன்னும் ஆழமாகத் தேட வேண்டும். தலைவலியை வைத்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. பலருக்கு அது ஒற்றைத் தலைவலியைப் போலவே இருக்கும். துப்பு கொடுப்பவை வேறு. குனிந்து நிமிரும்போதும் எழுந்து நிற்கும்போதும் சில நொடிகள் பார்வை மங்கி, இருண்டு, பிறகு தெளிவது. நாடித்துடிப்போடு சேர்ந்து காதுக்குள் 'உஸ்... உஸ்...' என்று கேட்கும் இரைச்சல். தூரத்தில் வரும் வண்டி பக்கத்துப் பக்கத்தில் இரண்டாகத் தெரிவது. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு அழுத்தத்தில் தளர்வதால் வருவது இது. இவற்றோடு கழுத்து வலி, முதுகு வலியும் சேரலாம்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த படி கண்ணுக்குள் பார்ப்பதுதான். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிய வைத்து, விழித்திரையில் பார்வை நரம்பு நுழையும் இடத்தைப் பார்ப்பார்கள். மண்டைக்குள் அழுத்தம் கூடினால் அந்த வட்டம் வீங்கி, ஓரங்கள் மங்கி, மேலே ஓடும் ரத்தக்குழாய்கள் இடையிடையே மறைந்து தெரியும். பாபிலிடீமா என்பது இந்த வீக்கம்தான். இதை 0 முதல் 5 வரை ஃப்ரிசென் அளவுகோலில் தரம் பிரிப்பார்கள். ஐந்து நிமிட வேலை. மாதக்கணக்கில் தலைவலிக்கு மருந்து தின்றும் யாரும் கண்ணுக்குள் பார்க்காமல் விடுவதைப் போலப் பெரிய கோளாறு இந்த நோயில் வேறில்லை. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பிறவியிலேயே நெருக்கமான நரம்பு வட்டமோ, அதில் புதைந்திருக்கும் ட்ரூசன் என்ற சுண்ணாம்புப் படிவுகளோ வீக்கம் போலவே கண்ணை ஏமாற்றும். கண்ணுக்கான அல்ட்ராசவுண்டும், விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனும் பெரும்பாலும் அதைப் பிரித்துக் காட்டிவிடும். இந்தச் சந்தேகத்தைத் தீர்க்காமல் முதுகில் ஊசி நுழைத்து மூளை நீரின் அழுத்தத்தை அளந்து, அது கொஞ்சம் கூட வந்ததைப் பிடித்துக்கொண்டு, இல்லாத நோய்க்கு வருடக்கணக்கில் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வீக்கம் உறுதியானால் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மிக உயர்ந்த ரத்த அழுத்தமும் இதே வீக்கத்தைத் தரும். பிறகு 24 மணி நேரத்துக்குள் மூளை ஸ்கேன். கூடவே சிரைகளைக் காட்டும் எம்ஆர்வி அல்லது சிடி வெனோகிராம். இந்த இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். கட்டி இல்லை என்று எம்ஆர்ஐ சொன்னால் பாதி வேலைதான் முடிந்தது. மூளையின் சிரைக் குழாயில் ரத்தம் உறைந்திருந்தால் அறிகுறிகள் அச்சு அசலாக ஐ.ஐ.எச். போலவே இருக்கும், மருந்தோ முற்றிலும் வேறு. முகப்பருவுக்குத் தரும் மினோசைக்ளின், டாக்சிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின், அளவு மீறிய வைட்டமின் ஏ, வளர்ச்சி ஹார்மோன், லித்தியம், ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆகியவையும் அழுத்தத்தை ஏற்றும். அப்படியானால் முதல் வைத்தியம் காரணமான மருந்தை நிறுத்துவதுதான். ஸ்டீராய்டு விஷயத்தில் மட்டும் மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும். கடுமையான ரத்தசோகையும், தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயும் இதே பட்டியலில் வரும். ரத்தப் பரிசோதனையை மறக்க வேண்டாம். ஸ்கேனில் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தட்டையாகி அதன் குழி காலியாகத் தெரிவது, கண் உருண்டையின் பின்புறம் சப்பையாவது, பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறை உப்புவது, குறுக்குச் சிரைகள் சுருங்கியிருப்பது ஆகியவை அழுத்தத்தின் தடயங்கள். ஆனால் குழி காலியாக இருப்பது நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிடமும் தற்செயலாகத் தெரியும். அதை மட்டும் வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது.

இதற்குப் பிறகுதான் முதுகில் ஊசி. அளவெடுக்கும் முறை சரியாக இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. பக்கவாட்டில் படுத்த நிலையில், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஊசியை நுழைத்து, நிமிர்ந்த கண்ணாடிக் குழாய் போன்ற மானோமீட்டரை மாட்டுவார்கள். ஊசி உள்ளே போகும்வரை முழங்கால்களை வயிற்றோடு மடக்கி வைத்திருப்பது வழக்கம். நீர் வந்ததும் கால்களை மெல்ல நீட்டச் சொல்லி, மூச்சைச் சாதாரணமாக விடச் சொல்லி, குழாயில் நீர்மட்டம் ஏறி நின்று மூச்சோடு சேர்ந்து லேசாக ஆடும்வரை காத்திருக்க வேண்டும். வயிற்றை இறுக்கினாலோ, அழுதாலோ, மூச்சைப் பிடித்தாலோ எண் பொய்யாக ஏறும். உட்கார்ந்த நிலையில் எடுத்த எண்ணுக்கு இங்கே மதிப்பே இல்லை. சொட்டு வேகமாக விழுந்தது என்பதும் அளவாகாது. பெரியவர்களில் குழாயில் நீர்மட்டம் 25 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அழுத்தம் கூடுதல். நீரில் உள்ள செல்களின் எண்ணிக்கையும், புரதமும், சர்க்கரையும் இயல்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஐ.ஐ.எச். அல்ல, வேறு ஏதோ. அழுத்தம் நாள் முழுதும் ஏறி இறங்குவதால், 24 வந்தால் நோயில்லை, 26 வந்தால் நோய் என்று கோடு கிழிக்க முடியாது. கண் வீக்கத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நீர் எடுத்ததும் தலை லேசானால், "மாதம் ஒரு முறை இப்படியே எடுத்துவிடலாமே" என்று தோன்றும். கணக்கு ஒத்துவராது. ஒரு நாளுக்கு 500 மில்லி என்றால் மணிக்கு 20 மில்லிக்கு மேல் ஊறுகிறது. எடுத்த 30 மில்லி ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிடும். ஊசிக்குப் பிறகு நிமிர்ந்தால் கூடி, படுத்தால் குறையும் புதுத் தலைவலி வந்தால், அது அழுத்தம் குறைந்ததால் வந்தது. அதற்காக அசிட்டசோலமைடைக் கூட்டினால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். பெரும்பாலும் 250 அல்லது 500 மி.கி. இரண்டு வேளை என்று தொடங்குவார்கள். பிறகு தாங்கும் அளவைப் பார்த்து ஏற்றுவார்கள். இந்த நோய்க்கு இந்த மருந்தைச் சரியாகச் சோதித்த முக்கிய ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. பார்வைப் புலத்தில், அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பில், லேசான இழப்புள்ள 165 பேர். எல்லோருக்கும் உப்பும் கலோரியும் குறைத்த உணவுத் திட்டம். பாதிப் பேருக்கு அசிட்டசோலமைடு, மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. நாளுக்கு 1 கிராமில் தொடங்கி, ஒவ்வொரு மாத்திரையாகக் கூட்டி, அதிகபட்சம் 4 கிராம் வரை போனார்கள். ஆறு மாதத்தில் பார்வைப் புலம் மருந்து எடுத்தவர்களுக்குச் சராசரியாக 1.43 டெசிபெல் மேம்பட்டது, மற்றவர்களுக்கு 0.71. கேட்கச் சிறிய வித்தியாசம். ஆனால் நரம்பு வீக்கம் அதிகமாக இருந்தவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. பார்வை கெட்டுச் சிகிச்சை தோற்றுப்போன 7 பேரில் 6 பேர் போலி மாத்திரைப் பக்கம். தலைவலியால் வரும் முடக்கத்தில் மட்டும் இரு பக்கமும் வேறுபாடு தெரியவில்லை. மேலே சொன்ன இரண்டாவது புகாருக்கான பதில் இதிலேயே இருக்கிறது.

4 கிராம் என்பது 16 மாத்திரை. நடைமுறையில் பலர் அதில் பாதியைக்கூடத் தாங்குவதில்லை, பரவாயில்லை. கண் தேறிக்கொண்டிருந்தால் எண்ணை ஏற்றியே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. சாப்பாட்டோடு எடுத்தால் குமட்டல் குறையும். அடிக்கடி சிறுநீர் போக வைக்கும் என்பதால் கடைசி வேளையை மாலையோடு முடித்துக்கொள்வது நல்லது. ராத்திரி தூக்கம் மிஞ்சும். மெதுவாகக் கரையும் கேப்சூலை மென்றோ பொடித்தோ விழுங்கக் கூடாது.

பக்கவிளைவுகளைப் பொறுத்தவரை, மாத்திரை தாராள மனசுக்காரன். விரல் நுனி, கால் விரல், உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போன்ற மதமதப்பு பெரும்பாலோருக்கு வரும். வந்து வந்து போகும். நரம்பு கெட்டுவிட்டது என்று பயந்து நிறுத்த வேண்டாம். சோடா, குளிர்பானம் குடித்தால் நுரையே இல்லாதது போல, உலோகச் சுவையோடு இருக்கும். கரியமில வாயுவை நாக்கு உணர்வதற்கும் அதே நொதி தேவை என்பதால் வரும் வேடிக்கை இது. சோர்வு, பசியின்மை, வயிற்றுப்போக்கு ஆகியவையும் உண்டு. ரத்தத்தில் பைகார்பனேட் சற்று இறங்குவது எதிர்பார்த்ததே. மூச்சு வாங்கும் அளவுக்கு இறங்கினால் அளவைக் குறைக்க வேண்டும். பொட்டாசியம், கிரியேட்டினின், பைகார்பனேட் மூன்றையும் தொடக்கத்திலும், அளவு கூட்டிய பிறகும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டவர்கள், அதிக அளவில் ஆஸ்பிரின் எடுப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதுவும் சல்ஃபா குடும்பத்து மருந்து என்பதால், சல்ஃபா ஆன்டிபயாட்டிக் ஒவ்வாமை இருந்தால் இது கூடவே கூடாது என்பார்கள், அது முழு உண்மையில்லை. இரண்டுக்கும் குறுக்கு ஒவ்வாமை அரிது. ஆனால் தோல் உரியும் அளவுக்குக் கடுமையாக வந்தவர்கள் பக்கம்கூடப் போகக் கூடாது.

மருந்து வேலை செய்கிறதா என்பதை எதை வைத்துச் சொல்வது? கண் அட்டையில் கடைசி வரி படித்ததை வைத்து அல்ல. இந்த நோயில் நடுப்பார்வை கடைசிவரை கூர்மையாக இருக்கும். இழப்பு ஓரங்களிலிருந்து, அதிலும் மூக்குப் பக்கத்துக் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கும். குருட்டுப் புள்ளி பெரிதாகும். "நன்றாகத் தெரிகிறதே" என்று நோயாளி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதி புலம் போயிருக்கலாம். அதனால் நம்ப வேண்டியது பார்வைப் புலத்தை அளக்கும் ஃபீல்ட் டெஸ்ட்டைத்தான். தாடையை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியை விட்டுப் பார்வையை அசைக்காமல், மின்னும் ஒவ்வொரு ஒளிப்புள்ளிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வழக்கமான 24-2 முறையில் 54 இடங்கள் சோதிக்கப்படும். சலிப்பான வேலை, தூக்கம் வரும், இமை சொருகும், ஆர்வக்கோளாறில் ஒளி வராமலே அழுத்துவோம். அச்சிட்ட தாளில் தவறான அழுத்தம் 15 சதவீதத்துக்கு மேல் என்று இருந்தால் அந்தத் தாளை நம்பி மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வீண். மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

ஓசிடி ஸ்கேனில் ஒரு பொறி இருக்கிறது. நரம்பு இழைகளின் தடிமன் முதலில் 240 மைக்ரான், மூன்று மாதம் கழித்து 90 என்று வந்தால் வீக்கம் வடிந்துவிட்டது என்று சந்தோஷப்படத் தோன்றும். வடிந்திருக்கலாம், இழைகள் செத்து மெலிந்தும் போயிருக்கலாம். எண் இரண்டுக்கும் ஒன்றேதான். இந்த இழைகள் கிளம்பும் கேங்ளியான் செல் அடுக்கின் தடிமனையும் ஃபீல்ட் டெஸ்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். ஓசிடி எண் இறங்க இறங்க, புலமும் இறங்கினால் அது கெட்ட சேதி.

தலைவலிக்குத் தனியாக வைத்தியம் வேண்டும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரையை, அல்லது 10 நாளோ அதற்கு மேலோ ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் வகையை, அபின் சார்ந்த ஓபியாய்டு வகையை மூன்று மாதத்துக்கு மேல் எடுத்தால், அந்த மாத்திரைகளே தினசரித் தலைவலியை உண்டாக்கும். முதலில் அதைக் கழற்ற வேண்டும். பலருக்கு ஒற்றைத் தலைவலியும் சேர்ந்தே இருப்பதால் அதற்கான தடுப்பு மருந்து உதவும். இந்த இடத்தில் டோபிரமேட் நல்ல மாற்று. அதே நொதியைக் கொஞ்சம் தடுக்கும், ஒற்றைத் தலைவலிக்கும் கேட்கும், பசியையும் குறைக்கும். தினம் 25 மி.கி.-இல் தொடங்கி வாரம் 25 கூட்டி, 50 மி.கி. இரண்டு வேளைக்குக் கொண்டுபோவார்கள். ஆனால் சொல் தடுமாறும், மனம் சோரும். கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம். கருவுக்குக் கெடுதல் செய்யும். இந்த நோய் வருவதே குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு என்பதால் இதைச் சொல்லாமல் எழுதித் தருவது பெரிய தப்பு. அசிட்டசோலமைடையும் டோபிரமேட்டையும் சேர்த்து எடுத்தால் சிறுநீரகக் கல்லுக்கு இரட்டை அழைப்பு. ஸ்டீராய்டு வேண்டாம், எடையை ஏற்றும், நிறுத்தினால் அழுத்தம் திரும்பும்.

எடை குறைப்பதுதான் நோயின் போக்கையே மாற்றும் வைத்தியம். மாத்திரை அதற்கு அவகாசம் வாங்கித் தருகிறது. நோய் தணிய உடல் எடையில் 5 முதல் 15 சதவீதம் வரை குறைய வேண்டியிருக்கும். சிலருக்கு அதற்கு மேலும். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடல் நிறை குறியீடு 35-க்கு மேல் இருந்த 66 பெண்களில் இரைப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, எடை குறைப்புக் குழுவில் சேர்ந்தவர்களைவிட 12 மாதத்தில் 6 செ.மீ., 24 மாதத்தில் 8.2 செ.மீ. கூடுதலாக அழுத்தம் இறங்கியது. அசிட்டசோலமைடு வெறுமனே பசியைக் கெடுத்தும் சில கிலோவைக் குறைக்கும். அதை வைத்தியமாகக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மாத்திரை போதாத நேரம் எது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்களிலோ, நான்கு வாரத்துக்குள்ளோ பார்வை சரசரவென்று இறங்கினால் அளவைக் கூட்டிப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அறுவைசிகிச்சை வரை இடுப்பு வழியே நீரை வடிய விட்டு நேரம் சமாளிப்பார்கள். மூளையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைக்கும் ஷன்ட் வேகமாக வேலை செய்யும். ஆனால் அடைத்துக்கொள்ளும், கிருமி பிடிக்கும், மறுபடி மறுபடி திறக்க வேண்டி வரும். பார்வை நரம்பின் உறையில் ஜன்னல் வெட்டுவது கண்ணுக்கு உதவும், தலைவலிக்கு அவ்வளவாக உதவாது. சுருங்கிய சிரையை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பதற்கு முன் சுருக்கத்தின் இரு பக்கமும் அழுத்த வித்தியாசம் அளக்கப்படும், 8 மி.மீ. பாதரசம் என்பது பலர் வைத்துக்கொள்ளும் எல்லை. வைத்த பிறகு மாதக்கணக்கில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மருந்துகள் வேண்டும். இவற்றில் எதையும் தலைவலிக்கு மட்டும் செய்துகொள்வது எங்கள் பார்வையில் கடைசி வழி.

இந்த நோய்க்கு 1955-இல் 'தீங்கற்ற மண்டை அழுத்தம்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். பார்வை இழந்தவர்களைப் பார்த்த பிறகு அந்த அடைமொழியைக் கைவிட்டார்கள். சில பழைய கோப்புகளில் இன்னும் இருக்கும், ஏமாற வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தும்போதும் அதே கண் பரிசோதனைதான் வழிகாட்டி. வீக்கம் வடிந்து, ஃபீல்ட் டெஸ்ட் நிலைத்து, எடையும் இறங்கிய பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு படிக்குப் பிறகும், நிறுத்திய பிறகும் சில வாரங்களில் மறுபடி சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். எடை திரும்பினால் நோயும் திரும்பும். அப்போது முதலில் அறிவது பெரும்பாலும் நோயாளியின் தலைவலி அல்ல, நரம்பு வட்டத்தின் மூக்குப் பக்க ஓரம் மறுபடி மங்குவதைக் காணும் கண் மருத்துவர்.